முதல் பரிசோதனை வாய்ச்சொல்

செம்பட்டியில் சாலைகள் நான்கு பக்கமும் பிரிகின்றன. ஒன்று திண்டுக்கல்லுக்கு, ஒன்று வத்தலக்குண்டுக்கு, ஒன்று நிலக்கோட்டை வழியாக மதுரைக்கு, மற்றொன்று ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு. உடம்புக்கு முடியாமல் போனாலும் ஊர் இந்தச் சாலைகளில்தான் பிரிந்து போகிறது. காய்ச்சல், சளிக்கு ஆரம்ப சுகாதார நிலையம், இல்லாவிட்டால் மாலையில் கிளினிக் திறக்கும் டாக்டர். பிரசவத்துக்கும் கர்ப்பப்பைத் தொல்லைக்கும் காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனை. நெஞ்சுவலி, எலும்பு முறிவு என்றால் திண்டுக்கல் ஜிஎச். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அதோடுதான் இணைந்திருக்கிறது. அதற்கும் மேல் போனால் மதுரைப் பெரியாஸ்பத்திரி. இவற்றோடு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

வசதிகள் கூடியது நல்லதுதான். ஆனால் இதனால் ஒரே மனிதரை ஒரே வருடத்தில் நாலைந்து மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஒருவர் எழுதிய சீட்டு இன்னொருவர் கண்ணில் படுவது அபூர்வம். ஸ்கேன் படம் பீரோவில் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மகன் செல்போனில் இருக்கிறது, மகன் திருப்பூரில் இருக்கிறான். இந்த மருத்துவர்கள் அத்தனை பேருக்கும் பொதுவாக இருப்பது நோயாளி ஒருவர்தான். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அவருடைய மருத்துவப் பதிவேடு.

அதைச் சொல்ல அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வெளிவந்த ஆய்வு, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டது. ஸ்வீடனில் 22.5 நிமிடம். வங்காளதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிடம். விடியற்காலையில் பஸ் ஏறி, ஓபி சீட்டுக்கு வரிசையில் நின்று, பெஞ்சில் உட்கார்ந்து கிடைப்பது அந்த 2 நிமிடம். வெளியே நூறு பேர் நிற்கும்போது எந்த மருத்துவராலும் அதை இருபது நிமிடமாக நீட்ட முடியாது. அந்த 2 நிமிடத்துக்குள் என்ன போகிறது என்பது மட்டும் பெருமளவு நம் கையில் இருக்கிறது. இதை நான் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இதற்கு அளந்து பார்த்த கணக்கு உண்டு.

1975-இல் இங்கிலாந்தில் ஹாம்ப்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் புதிதாக வந்த 80 புறநோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். நோயாளி சொன்னதைக் கேட்டதும் என்ன நோய் என்று ஒரு முடிவை எழுதினார்கள். உடலைத் தொட்டுப் பார்த்தபின் மறுபடி எழுதினார்கள். ஆய்வகச் சோதனைகள் வந்தபின் மூன்றாம் முறை. கடைசியில் உறுதியான நோயோடு ஒப்பிட்டால், 66 பேருக்கு நோயாளியின் பேச்சைக் கேட்டதுமே எழுதிய முடிவு சரியாக இருந்தது. தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு, ஆய்வகத்தால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. கருவிகள் பெருகியபின் 1992-இல் அமெரிக்காவில் இதே முறையில் 80 பேரிடம் செய்து பார்த்தார்கள். அப்போதும் 61 பேருக்கு வாய்ச்சொல்லே நோயைக் காட்டிக் கொடுத்தது.

ஸ்கேன் எடுத்தால்தான் நோய் தெரியும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள், அதைவிட அதிகம் சொல்லக்கூடிய தம் பேச்சுக்கு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய் நிற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பேச்சுக்கு எப்படி இவ்வளவு வலிமை வந்தது? நாற்பத்தைந்து வயது மில் தொழிலாளி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “கொஞ்ச நாளா இருமல் சார்” என்கிறார். மழைக்காலம், காத்திருப்பவர்களில் பாதிப் பேர் இருமுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சாதாரணச் சளிதான் இருக்கும். ஆகவே மருத்துவர் இவருக்கும் அதையே எண்ணி ஒரு டானிக்கும் நாலு மாத்திரையும் எழுதுவார். கணக்குப்படி அது நியாயமான ஊகம். அதே ஆள், “மூணு வாரமா இருமல் சார். சாயங்காலமானா லேசா காய்ச்சலடிக்குது. கைலி இடுப்புல நிக்க மாட்டேங்குது” என்று சொல்லட்டும். உடனே கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே இரண்டுக்கும் அப்போதே சீட்டு எழுதப்படும். நோயும் ஆளும் மருத்துவரும் அதேதான். “கொஞ்ச நாளா” என்பது “மூணு வாரமா” என்று ஆனது மட்டும்தான் வித்தியாசம்.

இன்னொரு விதமாகவும் அவர் சொல்லக்கூடும். “ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை மில்லுக்குப் போனா நெஞ்சு இறுக்குது. நாலஞ்சு நாள்ல தேவலையாயிடுது. அடுத்த திங்கக்கிழமை மறுபடி வந்துடுது.” இது பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் அடையாளம். தூசியோடு சேர்ந்து உள்ளே போகும் பாக்டீரியா நச்சுகள் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்கின்றன. தினமும் தூசியில் இருக்கும்போது உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போய், வேலைக்குத் திரும்பும் முதல் நாள் இறுக்கம் கடுமையாக வருகிறது. 1950-களில் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஷில்லிங் என்ற மருத்துவர் இந்நோயைப் படிநிலைகளாக வகுத்தபோது, இந்தத் திங்கட்கிழமைக் கணக்கைத்தான் அடிப்படையாக வைத்தார். ஆரம்பத்தில் கண்டுபிடித்துத் தூசியிலிருந்து விலகினால் தப்பலாம். வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. எக்ஸ்ரே மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. வேலை என்ன, எந்தக் கிழமையில் தொல்லை என்று நோயாளி சொன்னால்தான் உண்டு.

நோயாளியிடம் “நீ என்ன தொழில் செய்கிறாய்” என்று கேளுங்கள் என 1700-லேயே இத்தாலியில் ராமஸ்ஸினி எழுதிவிட்டார். திண்டுக்கல் வட்டாரத்துக்கு அந்தக் கேள்வி கட்டாயம் வேண்டும். வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில். அதில் புழங்கும் குரோமியம் உப்பு கைகளில் ஆறாத சொறியை உண்டாக்கும். செம்பட்டியையும் நிலக்கோட்டையையும் சுற்றிப் பூந்தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும். மருந்தடித்துவிட்டு வந்தவர் வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் ஊறி, கண் மங்கலாகித் தலைசுற்றுகிறது என்று வந்தால், “வெயில்ல நின்னது சார்” என்று மட்டும் சொன்னால் போதாது. காலையில் மருந்தடித்ததையும் சொல்ல வேண்டும். முடிந்தால் பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பல பூச்சிக்கொல்லிகள் நரம்புகளின் ஒரு நொதியை முடக்குகின்றன. அதற்கு மாற்று மருந்து உண்டு. எந்த வகை என்று தெரிந்தால் அதைத் தாமதமில்லாமல் கொடுக்க முடியும்.

“எத்தனை நாளா?” என்ற கேள்விக்கு நம்மில் பலர் தடுமாறுகிறோம். மனித நினைவு பழைய நிகழ்ச்சிகளை நிகழ்காலத்துக்கு அருகில் இழுத்துவந்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு முன் வந்த வலி ஒரு மாதத்துக்கு முன் வந்தது போலத் தோன்றும். 1983-இல் எலிசபெத் லாஃப்டஸ், வெஸ்லி மார்பர்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். “கடந்த ஆறு மாதத்தில்” என்று கேட்பதற்குப் பதிலாக, எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு பெரிய நிகழ்ச்சியைச் சொல்லி, “அதற்குப் பிறகு” என்று கேட்டபோது இந்தப் பிழை வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் அவர்கள் எடுத்துக்கொண்டது செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடிப்பு. நம் வீடுகளில் அப்பத்தாக்கள் காலங்காலமாக இதைத்தான் செய்கிறார்கள். “பழனித் தைப்பூசத்துக்கு நடந்து போனப்ப முட்டி வலிக்கல, சித்திரையிலதான் ஆரம்பிச்சுச்சு” என்று ஒரு பாட்டி சொன்னால், அதைவிடத் துல்லியமான தேதி வேண்டியதில்லை. தைப்பூசம், ஆடிப்பெருக்கு, பேத்தி சடங்கு, பூப்பறிப்பு ஓய்ந்த மாதம் என்று எதையாவது பிடித்துக்கொண்டு, தொல்லை அதற்கு முன்னா பின்னா என்று வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து நாம் செய்யும் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் கவலை தருகிறது. உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லாமல், நாமே ஒரு நோயை முடிவு செய்து அதன் பெயரைச் சொல்கிறோம். “கேஸ் டிரபிள் சார், நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு” என்பது தமிழ்நாட்டு மருத்துவர்கள் அன்றாடம் கேட்கும் வாக்கியம். பல நேரம் அது உண்மையிலேயே வயிற்றுக் கோளாறாக இருக்கும். சில நேரம் அது மாரடைப்பு. நடுநெஞ்சில் அழுத்தம், அது இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, சில்லென்று வியர்ப்பது, மாடி ஏறினால் கூடி உட்கார்ந்தால் குறைவது ஆகியவற்றைச் சொல்லாமல் “வாயு” என்று சொன்னால், கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் மருத்துவரை நாமே தவறான பக்கம் திருப்பிவிடுகிறோம். சர்க்கரை நோய் நெடுநாள் இருப்பவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால், மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவோ தாங்க முடியாத அசதியாகவோ வரலாம். அவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. தலைசுற்றலும் அப்படித்தான். படுக்கையில் திரும்பினால் அறை சுழல்கிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, நடக்கும்போது ஒரு பக்கம் தள்ளுகிறதா என்பதைப் பொறுத்துக் காதிலோ, ரத்த அழுத்தத்திலோ, மூளையிலோ காரணம் தேடப்படும்.

மாத்திரைகள் விஷயத்தில் ஒரே வழிதான் சொல்வேன். வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிவப்பு மாத்திரை, சின்ன மாத்திரை என்று சொல்வதால் எவருக்கும் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் கொடுத்த ஆம்லோடிபினும் தனியார் டாக்டர் எழுதிய இன்னொரு கம்பெனி மாத்திரையும் ஒரே மருந்தாக இருக்கலாம். பெயர் வேறு என்பதால் இரண்டையும் விழுங்கி, பிரஷர் இறங்கிக் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையும் அந்தப் பையில் இருக்க வேண்டும். களையெடுத்து முதுகு நொந்தவர்கள் தினம் ஒன்று போடும் டைக்ளோஃபினாக் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது தெரியாத மருத்துவர், பிரஷர் ஏன் அடங்கவில்லை என்று மேலும் ஒரு மாத்திரை சேர்ப்பார். மூட்டுவலிக்கு வாங்கிய நாட்டு மருந்துப் பொடியையும் மறைக்காதீர்கள். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. திட்டுவாரோ என்ற பயம் இருந்தால் “கோவிச்சுக்காதீங்க டாக்டர், இதையும் சாப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டே பையைத் திறக்கலாம்.

உடம்பும் தயாராகப் போக வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே கையை நீட்டினால் ரத்த அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பேசுவது மட்டுமே 10 புள்ளி வரை ஏற்றக்கூடும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, கை இதயத்தின் உயரத்தில் இருக்கும்போது எடுத்த அளவைத்தான் நம்பலாம். சர்க்கரைக்கு இன்னொரு பழக்கம் இருக்கிறது. டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாள் சோற்றைக் குறைத்து, நல்ல ரிப்போர்ட்டோடு போய் நிற்பது. ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சாப்பாட்டைக் காட்டிவிடும். மூன்று நாள் பட்டினியால் மருத்துவர் மாத்திரையைக் குறைத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இனி அறைக்குள் போவோம். 1984-இல் பெக்மேன், ஃபிராங்கெல் என்ற இருவர் அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டார். தான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான். விட்டால் நோயாளி பேசிக்கொண்டே இருப்பார் என்ற அச்சம்தான் இதற்குக் காரணம் என்று எண்ணத் தோன்றும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 92 நொடியில் அவர்களாகவே பேசி முடித்துவிட்டார்கள். 5 நிமிடத்துக்கு மேல் பேசியவர்கள் 7 பேர் மட்டுமே. இதைப் படிக்கும் மருத்துவர்கள் அந்த 92 நொடியை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நோயாளி பக்கம் செய்யக்கூடியது, முதல் பதினெட்டு நொடிக்குள் தலையாய விஷயத்தைச் சொல்லிவிடுவது. நம் இயல்பு இதற்கு நேர்மாறு. பெரியவரிடம் போனால் சின்ன விஷயத்தில் தொடங்குவோம். கால் வலி, பசியின்மை என்று சொல்லி, சீட்டு எழுதி முடித்தபின், எழுந்து நின்று, “அப்புறம் டாக்டரம்மா, மார்புல ஒரு கட்டி மாதிரி இருக்கு” என்போம். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்திருப்பார். உட்காரும்போதே இப்படிச் சொல்லலாம்: “ரெண்டு விஷயம் டாக்டரம்மா. ஒன்னு மார்புல கட்டி, ரெண்டு மாசமா இருக்கு. இன்னொன்னு கால் வலி.” எத்தனை விஷயம் என்று முதலிலேயே தெரிந்தால், எதற்கு எவ்வளவு நேரம் என்று அவர் பிரித்துக்கொள்வார்.

கூட வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் இருப்பது பெரிய துணை. ஆனால் அத்தைக்கு என்ன செய்கிறது என்பதை மருமகள் சொல்ல, மருத்துவர் மருமகளிடமே பதில் சொல்ல, அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் காட்சி எல்லா ஊரிலும் உண்டு. நோயாளி முதலில் பேசட்டும், விட்டுப்போனதைப் பிறகு மற்றவர் சேர்க்கட்டும். பெண்களின் சில தொல்லைகளைக் கணவர் முன்போ மகன் முன்போ சொல்ல முடியாது. வெள்ளைப்படுதல், தூரம் நின்றபின் வரும் ரத்தப்போக்கு போன்றவை சொல்லப்படாமலே வருடங்கள் ஓடி, புற்றுநோய் முற்றிய நிலையில் சிலர் வருகிறார்கள். “உங்ககிட்ட தனியா ஒரு நிமிஷம் பேசணும்” என்று நர்ஸிடம் சொன்னால் போதும். செம்பட்டி இருக்கும் ஆத்தூர் வட்டாரத்துக்கு இதில் பழைய பாடம் உண்டு. டாக்டர் சௌந்தரம் தம் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1959-இல் காந்திகிராமம் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டத்தைக் கையில் எடுத்தது. குடும்பக் கட்டுப்பாடு போன்ற, வீட்டுக்குள்ளேயே பேசத் தயங்கிய விஷயங்களை ஊராரோடு பேசியாக வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஒன்றும் அங்கே வளர்ந்தது.

வெளியே வரும்போது என்ன நினைவிருக்கும்? மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனேயே மறந்துவிடுகிறது என்றும், நினைவிருப்பதிலும் ஏறக்குறைய பாதி பிழையானது என்றும் நெதர்லாந்தைச் சேர்ந்த கெசல்ஸ் 2003-இல் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். பதற்றத்தில் மனம் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். “கட்டி” என்று காதில் விழுந்தபின் சொன்னது எதுவும் உள்ளே போகாது. இதற்கு நல்ல மருந்து திருப்பிச் சொல்வது. “நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர். இது காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி, இது ராத்திரி. பத்து நாள் கழிச்சு ரத்த டெஸ்ட்டோட வரணும்.” கால் நிமிடம் ஆகும். பிழை இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். சீட்டில் இருக்கும் 1-0-1 என்பது காலை, மதியம், இரவு என்ற வரிசை. மதியம் இல்லை என்பதை மருந்துக்கடையில் அட்டையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

கேள்விகளை முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 33 சோதனைகளில் 8,244 பேரைப் பார்த்த ஒரு தொகுப்பாய்வின்படி, அப்படித் தயாராகப் போனவர்கள் சற்றுக் கூடுதலாகக் கேள்வி கேட்டார்கள், சற்றுக் கூடுதலாக நிறைவடைந்தார்கள். பலன் சிறியதுதான். ஆனால் சந்திப்பு நேரம் குறிப்பிடும்படி நீளவில்லை. கேள்வி கேட்டால் டாக்டர் நேரம் வீணாகும் என்று கூச்சப்படுபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். அறுவை சிகிச்சை என்றால் கேட்பது நம் உரிமையும்கூட. டெல்லியில் மயக்க நிலையில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை அவருடைய தாயாரின் சம்மதத்தோடு அகற்றிய வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சை என்ன, எதற்கு, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்கே விளக்கியிருக்க வேண்டும் என்றது. மருத்துவமனையில் இருந்து சிகிச்சை பெற்றவர் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. நான்கு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அலைபவர் அந்தக் காகிதங்களை ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வைத்திருந்தால், புது மருத்துவர் அரை நிமிடத்தில் பழைய கதையைப் பிடித்துக்கொள்வார்.

தயாரிப்புக்கு நேரமே இல்லாத நோய்களும் உண்டு. திடீரென வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். உடனே 108-ஐ அழைக்க வேண்டியதுதான். அப்போதும் ஒரே ஒரு தகவலை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதுதான் அது. மூளையின் ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுப்பும்போது கை வரவில்லை என்றால், கணக்கு ஆறு மணியிலிருந்து தொடங்காது, இரவு அவர் படுத்த நேரத்திலிருந்து தொடங்கும். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து நாலு மணிக்கு யாருடனாவது தெளிவாகப் பேசியிருந்தால், அந்த நாலு மணியைச் சொல்லுங்கள். ஊசி போடலாமா என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.